பழுதைக் கண்டுபிடிக்கவும் கூலி உண்டு

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிற சாலையோரம் டீசல் வண்டிகளுக்கான பட்டறை நடத்துகிறேன். சிமெண்டும் உரமும் ஏற்றிக்கொண்டு மேலே போய், கேரட்டும் பூண்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு கீழே இறங்குகிற பழைய பிக்கப் வண்டிகள்தான் என் பிழைப்பு. அவை கொண்டுவருகிற குறைகளில் பெரும்பாலானவை இரண்டே வகை. ஏற்றத்தில் நின்றுபோகிறது என்பார்கள். இல்லையென்றால் மிஸ் அடிக்கிறது என்பார்கள். வண்டியோடு பல நேரம் ஒரு சாக்குப்பையும் வரும். வேறு இடங்களில் மாற்றிய பழைய சாமான்கள் அதில் கிடக்கும்.

“ஃபில்டர் மாத்தியாச்சுண்ணே. பம்ப்பை இறக்கி சர்வீஸ் பண்ணியாச்சு. நாலு நாசிலும் புதுசு. டம் டம் பாறையத் தாண்டுனா மறுபடியும் ஆஃப் ஆயிருது.”

இதைச் சொல்கிறவர் இத்தனை சாமானுக்கும் கேட்ட விலையைக் கொடுத்திருப்பார். ஆனால் அரை நாள் உட்கார்ந்து, வண்டியை ஓட்டிப் பார்த்து, ஒரு விரல் நீள ஹோஸில் வெடிப்பு இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னால், “இந்த ஹோஸ் மாத்தவா இவ்வளவு கூலி?” என்று கேட்பார். அவர் மட்டுமல்ல, நம் ஊரில் வண்டி வைத்திருக்கும் பெரும்பாலோர் இப்படித்தான் கேட்கிறார்கள். சாமானுக்குப் பணம் கொடுக்கத் தயங்காத நாம், எந்தச் சாமான் கெட்டது என்று கண்டுபிடிக்கிற வேலைக்குக் கூலி கொடுக்க மறுக்கிறோம். பழைய வண்டிகளுக்குச் செலவாகிற பணத்தில் பெரும்பகுதி வீணாவதற்கு இதுதான் காரணம் என்பது இத்தனை வருடத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

பழைய வண்டி என்றால் மிகப் பழைய வண்டி என்று நினைக்க வேண்டாம். நாடு முழுவதும் பி.எஸ். 4 மாசு விதி கட்டாயமானது 2017 ஏப்ரல் 1-ல்தான். அதற்கு முந்தைய நாள்வரை சிறு நகரங்களில் பி.எஸ். 3 வண்டிகள் புதிதாக விற்பனையாயின. அவற்றில் கம்ப்யூட்டர் இல்லாத, முழுக்க இயந்திர பம்ப்பில் ஓடுகிற என்ஜின்களும் உண்டு. கம்ப்யூட்டர் கட்டுப்படுத்துகிற காமன் ரெயில் என்ஜின்களும் உண்டு. மலைப்பாதையில் இன்றைக்கும் இரண்டும் ஓடுகின்றன. குட்டி யானை என்று நாம் கூப்பிடுகிற வண்டி 2005-ல் வந்தது. 702 சி.சி., இரண்டே சிலிண்டர். அதில் ஒன்று அடிக்காவிட்டால் பாதி என்ஜின் போயிற்று, ஓட்டுகிறவருக்கு உடனே தெரிந்துவிடும். நான்கு சிலிண்டர் வண்டியில் ஒன்று அரைகுறையாக அடித்தால் மாதக்கணக்கில் தெரியாமலே ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

நின்றுபோவதும் மிஸ் அடிப்பதும் ஒரே நோய் அல்ல. இதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். டீசல் என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினெட்டில் ஒரு பங்கு அளவுக்கு நசுக்கும்போது அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் நாசில் டீசலைப் பீய்ச்சினால் தீப்பற்றுகிறது. வேண்டியது காற்று, அழுத்தம், சரியான நேரத்தில் டீசல், அவ்வளவுதான். ஓடுகிற என்ஜின் நான்கு சிலிண்டரும் சேர்ந்து அணைகிறது என்றால், நான்குக்கும் பொதுவான ஏதோ ஒன்று அறுபட்டிருக்கிறது. பெரும்பாலும் டீசல் வரத்து. ஒரே சீராகக் குலுக்கிக்கொண்டு, தட்டுத் தட்டென்று விட்டுவிட்டு அடித்தால் ஒரு சிலிண்டரில் மட்டும் கோளாறு. முதலாவதற்கு நான்கு நாசிலையும் மாற்றுவதில் பொருள் இல்லை. நான்கும் ஒரே நொடியில் கெட்டு, பத்து நிமிடம் கழித்து நான்கும் சேர்ந்து சரியாகாது. ஒரு வண்டியோடு வந்த சாக்குப்பையில் நாசில்கள் கிடந்ததைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மன்னவனூர்ப் பக்கம் பூண்டு ஏற்றுகிற வண்டி. உரிமையாளரும் ஓட்டுநரும் சேர்ந்து வந்திருந்தார்கள். உரிமையாளரிடம் எப்போது நிற்கிறது என்று கேட்டேன். “ஏறும்போது நிக்குது மேஸ்திரி, வேறென்ன?” என்றார். ஓட்டுகிற தம்பி சற்றுத் தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு பண்ணுகிறதா? சூடானபின் நிற்கிறதா, எடுத்தவுடனேயா? நிற்பதற்கு முன்னால் இழுவை குறைகிறதா, சட்டென்று அணைகிறதா? பள்ளத்தில் இறங்கும்போது நிற்கிறதா? காலி வண்டியில் நிற்கிறதா? நின்றபின் எவ்வளவு நேரத்தில் மறுபடி எடுக்கிறது? கடைசியாக, டீசல் எவ்வளவு இருக்கும்போது நிற்கிறது?

அந்தக் கேள்விக்குத் தம்பி யோசிக்கவே இல்லை. “ஃபுல் டேங்க் அடிச்சா மேல வரைக்கும் போயிரும்ணே. பாதிக்குக் கீழ போனாத்தான் பிரச்சனை. ஓனர்கிட்ட சொன்னேன். டீசலுக்கும் நிக்கிறதுக்கும் என்னடா சம்பந்தம்னாரு.”

பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. டேங்க்குக்குள் டீசலை உறிஞ்ச மேலிருந்து அடிவரைக்கும் ஒரு இரும்புக் குழாய் இறங்கும். அதன் நடுவில் துரு தின்று ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்திருந்தது. டீசல் அந்த ஓட்டைக்கு மேலே இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. உறிஞ்சினாலும் டீசல்தான் வரும். மட்டம் கீழே இறங்கியதும் ஓட்டை வழியாகக் காற்று போகும். ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலில் இளநீர் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சமதளத்தில், குறைந்த வேகத்தில், வருகிற கொஞ்சக் காற்றைச் சமாளித்துக்கொண்டு என்ஜின் ஓடிவிடும். மலையில் வண்டி மூக்கைத் தூக்கும்போது டேங்க்கில் இருக்கும் டீசல் ஒரு பக்கம் சாய்கிறது; பாரத்தோடு ஏறும்போது என்ஜின் கேட்கிற டீசலும் அதிகம். அப்போதுதான் நிற்கும். குழாயைக் கழற்றிப் பற்று வைக்க ஆன செலவு சில நூறு ரூபாய். அதற்கு முன்னால் அந்த வண்டிக்குச் செலவானது பல்லாயிரம்.

இதில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உள்ள பாதையில் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. அங்கே வெடிப்பு இருந்தால் என்ஜின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். அடியில் படுத்துப் பார்த்தால் எல்லாம் காய்ந்து சுத்தமாக இருக்கும். “எங்கயும் லீக் இல்லையே” என்று சொல்லிவிட்டு எழுந்து, அடுத்தபடியாகப் பம்ப்பில் கை வைத்துவிடுவார்கள். விலை உயர்ந்த சாமான் அதுதான் என்பதால் சந்தேகமும் அதன்மேலேயே போகிறது. பழைய வண்டியில் பம்ப் தானாகக் கெடுவது அபூர்வம் என்று சொல்லமாட்டேன், கெடும். ஆனால் பம்ப்பை இறக்கும் முன் செய்ய வேண்டிய சோதனைகளுக்குச் சாமான் செலவே கிடையாது.

ஃபீட் பம்ப்புக்கு முன்னால் ஒரு சாண் நீளம் ஒளி புகும் பிளாஸ்டிக் ஹோஸைச் செருகி என்ஜினை ஓடவிட்டுப் பார்க்கலாம். குமிழ் ஓடினால் காற்று எங்கோ புகுகிறது. அதைவிட உறுதியானது கேன் கட்டிப் பார்ப்பது. ஒரு கேனில் டீசல் பிடித்து என்ஜினைவிட உயரத்தில், சைலன்சர் சூடு படாத இடத்தில் இறுக்கிக் கட்டி, ஹோஸை நேராக ஃபீட் பம்ப்புக்குக் கொடுத்து, ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனுக்குள் விட்டு, வண்டியை மலையேற்ற வேண்டும். நிற்காமல் ஏறினால் பம்ப்பும் நாசிலும் நிரபராதிகள். குற்றம் டேங்க் பக்கம். அப்போதும் நின்றால் ஃபில்டரிலிருந்து முன்னோக்கித் தேட வேண்டும். ஒரே ஓட்டத்தில் வண்டியின் பாதியைச் சந்தேகத்திலிருந்து விலக்கிவிடுகிற சோதனை இது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி திண்டுக்கல்லில் இதைச் செய்து பார்க்காமல் எந்தப் பம்ப்பையும் இறக்க விட்டதில்லை.

டேங்க் பக்கம் என்று தெரிந்தபின் தேட வேண்டிய இடங்கள் அதிகமில்லை. டேங்க் மூடியில் காற்று போக ஒரு நுண்துளை இருக்கும். மண் அடைத்துக்கொண்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, கொஞ்ச தூரம் ஓடியபின் டீசல் வராமல் நின்றுபோகும். மூடியைத் திறக்கும்போது ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கிற சத்தமே சாட்சி. டேங்க் அடியில் கிடக்கும் குப்பை உறிஞ்சுகுழாயின் வலையில் போய் அப்பிக்கொள்ளும். வண்டி நின்று உறிஞ்சல் அடங்கியதும் கீழே உதிர்ந்துவிடும். ஐந்து நிமிடத்தில் ஒன்றுமே நடக்காததுபோல வண்டி எடுக்கும். தோட்டத்தில் டிரம்மில் டீசல் வைத்து ஊற்றுகிறவர்களுடைய வண்டியில் இது நிறைய. கூடவே தண்ணீரும் வரும். ஃபில்டர் அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தங்கும். மழைக்காலத்தில் ஓட்டுநரே வாரம் ஒருமுறை செய்யலாம்.

பிறகு செப்பு வாஷர்கள். டீசல் பைப்பைப் பிடிக்கிற போல்ட்டின் இருபுறமும் ஒன்று ஒன்று இருக்கும். ஒருமுறை இறுக்கிய வாஷர் நசுங்கிக் கெட்டியாகிவிடும். திரும்பவும் அதையே போட்டால் சரியாகப் படியாது. புதிது போட வேண்டும். கிடைக்காத ஊரில் அதைச் சிவக்கச் சூடாக்கி ஆறவைத்தால் செம்பு மறுபடி இளகும். ஃபில்டர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும், பம்ப்பை இறக்குகிற ஒவ்வொரு தடவையும் இந்த வாஷர்கள் கழற்றி மாட்டப்படுகின்றன. அதனால்தான் கண்டுபிடிக்காமல் சாமான் மாற்றுவது வெறும் பண நஷ்டம் மட்டுமல்ல என்கிறேன். இல்லாத நோயைக் கொண்டுவந்து சேர்க்கிறது. முதலில் இருந்த குறை ஒன்று, மூன்று பட்டறை ஏறி இறங்கியபின் குறை மூன்றாகி, எது ஆரம்பத்தில் இருந்தது என்றே தெரியாமல் போகிறது.

இனி மிஸ் அடிப்பது. இயந்திர பம்ப் உள்ள வண்டியில் இதைப் பிடிப்பது எளிது. என்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, நாசிலுக்குப் போகிற பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் சத்தம் மாறும், என்ஜின் முக்கும். எதைத் தளர்த்தும்போது மாற்றமே இல்லையோ, அதுதான் அடிக்காத சிலிண்டர். கையையும் முகத்தையும் தள்ளி வைத்துக்கொண்டு, துணி சுற்றிச் செய்ய வேண்டும். அழுத்தத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். காமன் ரெயில் வண்டியில் இந்தச் சோதனையை ஒருக்காலும் செய்யக் கூடாது. பழைய நாசில் 200 பார் சுமாருக்குத் திறக்கிறது. காமன் ரெயிலில் ஓடுவது ஆயிரம் பாரைத் தாண்டும். அந்தப் பீய்ச்சல் விரலில் பட்டால் சின்னக் காயம்போலத்தான் தெரியும், ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலை இழக்க நேரிடும். பட்டறைகளில் வேலை பழகுகிற பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அடிக்காத சிலிண்டர் மூன்றாவது என்று தெரிகிறது. உடனே மூன்றாவது நாசிலைப் புதிதாக வாங்கச் சொல்லக் கூடாது. மூன்றாவதைக் கழற்றி இரண்டிலும், இரண்டாவதை மூன்றிலும் மாட்ட வேண்டும். கோளாறு இரண்டாவதற்கு நகர்ந்தால் நாசில் கெட்டது உறுதி. மூன்றிலேயே நின்றால் நாசிலைக் குறை சொல்ல முடியாது; டேப்பட் இடைவெளியையும் அந்தச் சிலிண்டருக்கு டீசல் கொண்டுபோகிற பைப்பையும் பார்க்க வேண்டும்; அதன்பின் கம்ப்ரஷன் எடுக்க வேண்டும். நல்ல டீசல் என்ஜினில் 25, 30 பார் காட்டும். என்ஜினுக்கு என்ஜின் அளவு மாறும் என்பதால் தனி எண்ணைவிட நான்கும் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்பதே முக்கியம். குளிரில் நன்றாக அடித்து, சூடானபின் மட்டும் மிஸ் அடித்தால் டேப்பட் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சூட்டில் வால்வு நீண்டு முழுதாக மூடாமல் போவதுண்டு. டேப்பட் சரிபண்ணத் தேவை ஒரு ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஒரு ஃபீலர் கேஜ். அதைப் பார்க்காமல் ஹெட்டை இறக்கின வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

புகையும் பேசும். கண்ணைக் கரிக்கிற வெள்ளைப் புகை, எரியாத டீசல். தண்ணீர் குறைந்துகொண்டே வந்து வெள்ளைப் புகை நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். நீலம் கலந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. இந்தக் கறுப்பில்தான் எங்கள் மலையில் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் வத்தலக்குண்டைவிட ஏறக்குறைய 20 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத பழைய என்ஜினுக்குப் பெருமாள்மலை தாண்டினால் இழுவை குறையும், புகை கறுக்கும். இது நோயே அல்ல. அதே வண்டி கீழே இறங்கினால் சரியாகிவிடும். மேலே புகைவதை மட்டும் பார்த்துவிட்டு நாசில் மாற்றியவர்கள் உண்டு. ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்துவிட்டு, கீழே சமதளத்திலும் அதே புகை வருகிறதா என்று பார்த்தபின்தான் முடிவெடுக்க வேண்டும்.

இழுவை குறையாமல், சுவிட்சை அணைத்ததுபோலச் சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரம். பம்ப்பில் டீசலைத் திறந்து வைக்கிற சோலினாய்டுக்கு 12 வோல்ட் தொடர்ந்து வர வேண்டும். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் நிற்கிற வண்டியில் அந்த ஒயர் உரசித் தேய்ந்திருக்கும், அல்லது ஃபியூஸ் கால் தளர்ந்திருக்கும். பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர் கொடுத்து ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். என்ஜினுக்கும் சேஸிஸுக்கும் இடையே இருக்கிற எர்த் பட்டையையும் ஒருமுறை கழற்றித் தேய்த்து மாட்ட வேண்டும்.

காமன் ரெயில் வண்டிக்கு ஸ்கேனர் வேண்டும். நானும் வைத்திருக்கிறேன், அது இல்லாமல் இன்றைக்குப் பட்டறை நடத்த முடியாது. சூடானதும் நின்று, ஆறினால் எடுக்கிற வண்டியில் கிராங்க் சென்சார் கோளாறு என்று அது நொடியில் காட்டிக்கொடுக்கும். செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் அசையாமல் இருப்பதையும் கூடவே பார்த்துக்கொள்வேன். ஆனால் ஸ்கேனர் சொல்வது அறிகுறியை. பி0087 என்று வந்தால் ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்று பொருள். ஏன் போதவில்லை என்று அந்த எண்ணில் எழுதியிருக்காது. ஃபில்டர் அடைப்பாக இருக்கலாம், உறிஞ்சுகுழாயில் காற்றாக இருக்கலாம், ஒரு இன்ஜெக்டர் ரிட்டர்ன் வழியாக டீசலைக் கொட்டிக்கொண்டிருக்கலாம், கடைசியில் பம்ப்பாகவும் இருக்கலாம். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் ஹோஸையும் நான்கு ஒரே அளவுப் பாட்டிலில் விட்டு ஓடவிட்டால், எந்தப் பாட்டில் சீக்கிரம் நிறைகிறதோ அது குற்றவாளி. இதற்கெல்லாம் நேரம் வேண்டும். அந்த எண்ணைப் படித்துவிட்டு ‘பம்ப் போச்சு’ என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். பல இடங்களில் அந்த ஒரு நிமிடம்தான் நடக்கிறது.

இளம் மெக்கானிக்குகளை நான் இதற்குக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடைய கணக்கைப் பாருங்கள். பம்ப் மாற்றினால் சாமானில் கொஞ்சம் நிற்கும், ஏற்றி இறக்கக் கூலியும் கிடைக்கும். அரை நாள் தேடி ஒரு வாஷர் மாற்றினால் வாஷர் விலைதான் கிடைக்கும். கூலி கேட்டால் பேரம். பட்டறை வாடகையும் பையன்களின் சம்பளமும் சாமான் லாபத்திலிருந்துதான் வர வேண்டும் என்று ஆக்கிவிட்டால், சாமான் மாற்றுகிற மெக்கானிக்தான் நிலைப்பார். தேடுகிற மெக்கானிக் பட்டறையை மூடிவிட்டுப் போவார். என்னோடு வேலை பழகியவர்களில் மிக நுட்பமான காது உள்ள ஒருவர் இப்போது வேறு தொழிலில் இருக்கிறார். ஐடிலில் கேட்டே எந்தச் சிலிண்டர் என்று சொல்லக்கூடியவர். அந்தக் காதுக்கு இந்தச் சந்தையில் விலை இல்லை.

வண்டிக்காரர்களின் நெருக்கடியும் எனக்குத் தெரியும். ஏற்றின சரக்கு அழுகும். தவணை தேதி நிற்காது. எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டி வருடந்தோறும் தகுதிச் சான்று (எஃப்.சி.) காட்டியாக வேண்டும். அந்த அவசரத்தில் “எதையாவது மாத்தி ஓட்டிவிடுங்க” என்கிறார்கள். எஃப்.சி.க்கு முந்தின வாரம் பம்ப்பில் டீசல் அளவைக் குறைத்துவிடச் சொல்லி வருகிறவர்களும் உண்டு. புகை குறையும், சோதனையில் தேறும். அடுத்த நாள் பாரத்தோடு ஏறாது என்று மறுபடி கூட்டிவைப்பார்கள். நான் அதைச் செய்துகொடுப்பதில்லை. கறுப்புப் புகைக்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணத்தைச் சரிசெய்தால் புகையும் குறையும், டீசலும் மிஞ்சும்.

பழைய வண்டிகளைக் கழித்துக்கட்ட வேண்டும் என்ற பேச்சு 2021-ல் வந்த கொள்கைக்குப் பிறகு வலுத்திருக்கிறது. 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் பதிவு கிடையாது. உண்மையிலேயே தேய்ந்துபோன, ஊருக்கே புகை போடுகிற என்ஜினைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் கம்ப்ரஷன் நான்கிலும் சமமாக இருக்கிற, இன்னும் பல வருடம் உழைக்கக்கூடிய ஒரு வண்டி, உறிஞ்சுகுழாயில் இருக்கிற ஊசிமுனை ஓட்டையை யாரும் தேடாததால் பழைய இரும்பு விலைக்குப் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த வண்டியை நம்பியிருந்த குடும்பம் பிறகு புது வண்டிக் கடனில் மாட்டிக்கொண்டதையும் பார்த்தேன். வயதையும் நோயையும் ஒன்றாக்கிப் பார்ப்பதால் வருகிற நஷ்டம் இது.

என் பட்டறையில் இப்போது பில்லில் முதல் வரி ‘பழுது கண்டறிந்த கூலி’ என்றிருக்கும். வண்டியில் கை வைக்கும் முன்பே தொகையைச் சொல்லிவிடுவேன். என்ன சோதித்தேன், என்ன தெரிந்தது என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் போய் வேலை பார்த்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு. ஒரு நேரத்தில் ஒரு சாமான் மட்டும் மாற்றி ஓட்டிப் பார்ப்பேன். மூன்றைச் சேர்த்து மாற்றினால் குறை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. கழற்றினதை உரிமையாளர் கையில் கொடுத்துவிடுவேன். இதைக் கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. திரும்பி வந்தவர்களும் உண்டு. மற்றப் பட்டறைக்காரர்களும் இதே வரியைத் தங்கள் பில்லில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் மட்டும் எழுதினால் அது அதிகக் கூலி கேட்பதாகத்தான் தெரியும். எல்லாரும் எழுதினால் வழக்கமாகிவிடும். சரக்கு வாகன உரிமையாளர் சங்கங்கள் தங்கள் ஊர்ப் பட்டறைகளோடு உட்கார்ந்து பேசி ஒரு தொகையை முடிவு செய்யலாம்; அதில் மிச்சம் பிடிக்கப்போவது உரிமையாளர்கள்தான்.

உரிமையாளர்கள் செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. வண்டியைப் பட்டறைக்கு அனுப்பும்போது ஓட்டுகிறவரையும் அனுப்புங்கள், அவரைப் பேச விடுங்கள். டாஷ்போர்டில் ஒரு நோட்டு வைத்து, வண்டி நின்ற இடம், பாரம், டீசல் மட்டம், சூடு, மறுபடி எடுக்க ஆன நேரம் ஆகியவற்றை எழுதச் சொல்லுங்கள். கடைசியாக எந்தச் சாமான் எப்போது கழற்றப்பட்டது என்பதும் அதில் இருக்கட்டும்.

ஐ.டி.ஐ.களிடமும் ஒரு வேண்டுகோள். மோட்டார் வண்டி மெக்கானிக் படிப்பு இரண்டு வருடம், டீசல் மெக்கானிக் ஒரு வருடம். அங்கிருந்து என்னிடம் வருகிற பிள்ளைகளுக்குக் கழற்றி மாட்டத் தெரிகிறது. தேடத்தான் பழக்க வேண்டியிருக்கிறது. தேர்வில் ஓடுகிற வண்டி ஒன்றில் கோளாறை ஒளித்து வையுங்கள். உறிஞ்சுகிற ஹோஸில் ஊசியால் ஒரு துளை போடுங்கள், ஒரு டேப்பட்டை இறுக்கி வையுங்கள், சோலினாய்டு ஒயரைப் பாதி அறுத்து வையுங்கள். எந்தப் புதுச் சாமானும் கொடுக்காமல் மூன்று மணி நேரமும் ஒரு வெள்ளைத் தாளும் கொடுங்கள். பக்கத்தில் அந்த வண்டியை ஓட்டிய ஒருவரை உட்கார வைத்து, மாணவர் அவரிடம் கேட்கிற கேள்விகளுக்கு முதல் 20 மதிப்பெண்ணை ஒதுக்குங்கள்.